தவக்காலத்துக்கு விட்ட நெட்டி

விபூதிப் புதன் பூசைக்குப் போய்வந்து, நெற்றிச் சாம்பல் அழியாமலே குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் யார் எதை விடுவது என்ற பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் இப்படித்தான் தொடங்கும். என் கணவர் சிகரெட்டை விட்டார். போன வருடமும் அதைத்தான் விட்டார், அதற்கு முந்திய வருடமும் அதைத்தான். மகள் ஐஸ்கிறீமை விட்டாள். பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, மீன் இறைச்சி இரண்டையும் விடுவதாகச் சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். நான் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன்.

"நீ நெட்டி முறிக்கிறதை விடு," என்றார். "உயிர்த்த ஞாயிறுக்கிடையில கை சுகமாகுதோ இல்லையோ பார்."

நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாத ஆளல்ல நான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் என்று இந்த மச்சாளே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த விசயத்தில் அவர் சொன்னதை நான் முழுசாக நம்பினேன்.

விரல் நெட்டி முறிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவள் நான். அங்கே ஆட்களை எண்ணிப் பதிகிற நாளில் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். நிற்கிற நேரத்துக்கு வேறு என்ன செய்வது? ஒவ்வொரு விரலாக இழுப்பேன், மடக்குவேன், அது சத்தம் போடும். ஒருமுறை முறித்த விரல் உடனே மறுபடி முறியாது. கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் காத்திருப்பதில் வரிசை நகர்ந்துவிடும். "விரல் மொத்திச்சுப் போகும், கிழவியானா கை கோணிப் போகும்" என்று முன்னால் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும் ஏசுவார்கள். ஏசட்டும் என்று முறிப்பேன்.

அந்த முகாமில்தான் அழகுக்கலையும் பழகினேன். மன்னாருக்குத் திரும்பி, இந்தத் தீவிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடியும் ஒரு சுழல் கதிரையும் போட்டு வேலையைத் தொடங்கினேன். புருவம் எடுப்பேன், முடி வெட்டுவேன், கல்யாணப் பெண் சோடிப்பேன். இந்தத் தொழிலில் எல்லாம் விரல் நுனிதான். புருவத்துக்கு நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்றதை விரல்களில் மாட்டி, இழுத்து விட்டு இழுத்து விட்டு எடுக்க வேண்டும். பெண்ணின் தலையில் நெட் என்கிற வெள்ளை வலை முக்காட்டைக் குத்துவதற்கு ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டைக்குள் ஒளிக்க வேண்டும். விரல் ஒருகணம் தயங்கினால் பெண்ணுக்கு நோகும்.

டிசம்பரில் நத்தார் பெருநாள் முடிந்த கையோடு என் விரல்கள் தயங்கத் தொடங்கியிருந்தன. காலையில் எழும்பினால் இரண்டு கையும் மடங்காது. வெந்நீரில் போட்டு வைத்து, பிசைந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி முடிகிற நேரத்துக்குத்தான் மெல்ல இளகும். நடு மூட்டுகளும் அடி மூட்டுகளும் புடைத்துச் சூடாக இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஓட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பட்டினம், என் கணவர் ஓட்டோதான் ஓடுகிறார். ஆனால் டொக்டர் கேட்டால் என்ன சொல்வது? சொல்லச் சொல்லக் கேட்காமல் வாழ்க்கை முழுக்க நெட்டி முறித்தேன், இப்போது கை போய்விட்டது என்றா? எனக்கு வெட்கமாக இருந்தது. நானே தேடிக்கொண்டதற்கு மருந்து கேட்டுப் போய் நிற்க என் வீம்பு விடவில்லை.

தவக்காலத்தில் கல்யாணம் இல்லை என்பதால் எனக்கு வேலையும் குறைவு. கைக்கு ஓய்வு, நெட்டிக்கு விரதம், பிறகு மாதா பார்த்துக்கொள்வா என்று கணக்குப் போட்டேன். ஏனென்றால் உயிர்த்த ஞாயிறு கழிந்த அடுத்த கிழமை மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் நானாட்டான். அந்தப் பிள்ளையை நான்தான் சோடிப்பதென்று அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே பேச்சு. அவள் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை நாளிலும் நான்தான் தலை கட்டிவிட்டேன். அந்த நாளுக்குள் என் கை சரியாக வேண்டும். வேறெதையும் நான் அப்போது கேட்கவில்லை.

விரதம் தொடங்கிய பிறகுதான் அந்தப் பழக்கம் என்னை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. போன் மணியடித்தால் கை தானாகச் சேரும். சிலுவைப்பாதையில் முழந்தாளிடும்போது விரல்கள் ஒன்றையொன்று தேடும். சுவாமியார் பிரசங்கத்தை நீட்டினால் எனக்கு வியர்க்கும். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்தியில் நெளிகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மச்சாள் என் மகளைக் காவலுக்குப் போட்டிருந்தார். "அம்மா முறிச்சாவெண்டால் எனக்குச் சொல்லு பிள்ளை," என்று சொல்லி வைத்திருந்தார். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வீட்டில் சுள்ளி முறிந்தாலும் கதிரை கிறுக்கென்றாலும் "அம்மா!" என்று கத்திக்கொண்டு வருவாள். தானும் என்னைப் பார்த்துப் பழகிய பழக்கத்தை விட்டிருந்தாள். ஒருநாள் அவள் தன் விரல்களை வெளிச்சத்தில் பிடித்து மூட்டு மூட்டாகத் தடவிப் பார்ப்பதைக் கண்டேன். "எனக்கும் உங்களை மாதிரி வருமோ அம்மா?" என்று கேட்டாள். போய்ப் படி என்று அதட்டினேன்.

கை குறையவில்லை. கூடியது. கல்யாண மோதிரம் இறுகத் தொடங்கியதும் தேங்காயெண்ணெய் பூசிக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். கழற்றும்போது கண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே என் கையைப் பார்த்தார்.

"மோதிரம் எங்க?"

"அலுமாரியில."

"ஏன்?"

"இறுக்குது."

அவர் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு விழுங்கினார். பிறகு, "களவா முறிக்கிறாயோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த கரண்டியை எறிந்திருப்பேன். எறிவதற்கு அதை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே, அதுதான் முடியவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிற மனிசன் என்னைக் கேட்கிறார். "சத்தியமா இல்லை," என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. மச்சாள் நம்பவில்லை. நித்திரையில் முறிக்கிறேன் என்று புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அதையும் கேட்டு, படுக்கும்போது இரண்டு கையிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு காலும் பிடித்தது. படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் பாதத்தின் முன்பக்கம் கல்லில் மிதித்ததுபோல் நோகும். அன்றைக்கு முதல்முறையாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கால் விரலை நான் வாழ்க்கையில் முறித்ததே இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"முறிக்காத காலும் நோகுது. அப்ப இது வேற ஏதோ. டொக்டரிட்டக் காட்டுவமே?"

"கலியாணம் முடியட்டும்," என்றார். "இப்ப உன்னை ஆஸ்பத்திரி வாட்டில மறிச்சிட்டினமெண்டால் அக்கா என்ன செய்வா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. மச்சாள் கல்யாணத்துக்காக ஓடித் திரிந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் கல்யாணத்தை என் கையால் குழப்பிவிட்டேன் என்ற பேச்சு வந்தால் நான் தாங்கமாட்டேன். உயிர்த்த ஞாயிறும் வந்து போனது. அன்று பூசையில் எல்லோரும் கைகளைத் தட்டிப் பாடினார்கள். நான் தட்டவில்லை.

கல்யாண நாள் காலையில் விடியும் முன்னமே எழும்பி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பனடோல் மாத்திரை போட்டேன். பெண்ணை என் முன்னறைக் கதிரையில் இருத்தினோம். முகத்துக்குப் பூசுவது வரை சமாளித்தேன், அதற்கு உள்ளங்கையும் பஞ்சும் போதும். கொண்டையும் எப்படியோ வந்தது. என் மகள் பக்கத்தில் நின்று ஊசிகளை எடுத்துத் தந்தாள். வெளியே கார் வந்து நின்றது. கோயிலில் முதல் மணி அடித்தது. எங்கள் சுவாமியார் நேரத்துக்குத் தொடங்குகிறவர், பெண் வந்தாலும் வராவிட்டாலும் நுழைவுப் பாட்டைத் தொடங்கிவிடுவார் என்று பகிடி சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை.

நெட் முக்காட்டை விரித்துத் தலையில் வைத்து முதல் ஊசியை எடுத்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. ஊசி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினேன். அது கொண்டையை விட்டு வழுக்கித் தலையில் இறங்கிவிட்டது. பெண் கண்ணை இறுக்கி மூடினாள். வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு துளி இரத்தம் வந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி வெள்ளை நெட். நான் என் சேலைத் தலைப்பை அதில் வைத்து அழுத்தினேன்.

"என்ன சுணக்கம்?" என்று கேட்டுக்கொண்டு மச்சாள் உள்ளே வந்தார். தன் மகளைக் கண்ணாடியில் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. இரண்டு கையையும் நீட்டி மகளின் முகத்தைச் சுற்றி வழித்தெடுத்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தி நெட்டி முறித்தார். நாவூறு கழிப்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். எத்தனை சத்தம் கேட்கிறதோ அவ்வளவு கண்ணூறு போனதாகக் கணக்கு. மச்சாளுக்குப் பத்து விரலும் படபடவென்று முறிந்தன.

"பாத்தியளோ, எவ்வளவு கண் பட்டிருக்கெண்டு," என்றார் பெருமையாக.

நான் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன். அதில் எங்கள் இரண்டு பேரின் கைகளும் தெரிந்தன. மச்சாள் என்னைவிட எவ்வளவோ மூத்தவர். ஊரில் பிறக்கிற குழந்தைகளையெல்லாம் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை முகத்துக்கு முறித்த விரல்கள் அவை! கம்புபோல் நேராக இருந்தன. நான் கிழமைக்கணக்கில் ஒரு விரலையும் முறிக்காமல் துணி சுற்றிப் படுத்தவள். என் விரல்கள் இஞ்சிபோல் இருந்தன.

"மச்சாள், இப்ப என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாவூறு கழிச்சனான்."

"நெட்டி முறிச்சனீங்கள்."

"அது வேற, இது வேற."

"விரலுக்கு எப்பிடி மச்சாள் தெரியும், வேறயெண்டு?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மச்சாள் தன் கைகளை அப்போதுதான் காண்கிறவர்போல் பார்த்தார். பிறகு அவற்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தோசம் வரவில்லை. இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற பயம்தான் வந்தது.

பெண்தான் கதிரையைச் சுழற்றித் திரும்பினாள். "மாமி, கையைக் காட்டுங்கோ," என்றாள். என் கைகளைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறியள். இல்லாட்டி நான் இப்ப இந்தக் கதிரையால எழும்பமாட்டன்."

இரண்டாம் மணி அடித்தது. ஓம், போகிறேன் என்றேன். மிச்ச ஊசிகளை நான் இடத்தைத் தொட்டுக் காட்டக் காட்ட என் மகள் குத்தினாள். ஒன்றும் பிசகவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் பெண். என் கையைத் தொட்டு, ஒவ்வொரு மூட்டாக அழுத்தி, காலையும் பார்த்து, எவ்வளவு காலமாக என்று கேட்டார். நத்தாரிலிருந்து என்றேன். ஏன் இவ்வளவு காலமும் வரவில்லை என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நெட்டி முறிக்கிறனான் டொக்டர், அதால வந்தது," என்று சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "நெட்டி முறிக்கிறதால இது வராது," என்றார். "மூட்டுக்குள்ள கொஞ்சம் வழுவழுப்பான தண்ணி இருக்கு. விரலை இழுக்கேக்க அதுக்குள்ள காத்துக் குமிழி வாறதுதான் அந்தச் சத்தம். எலும்பு ஒண்டும் உடையிறேல்லை. அதாலதான் ஒருக்கா முறிச்சா கொஞ்ச நேரத்துக்குத் திருப்பி முறியாது, குமிழி அடங்க வேணும். முறிக்கேக்க நோகாட்டிப் பயமில்லை."

"அப்ப இது?"

"இது வேற வருத்தம். உடம்பு தன்ர மூட்டையே எதிரியெண்டு நினைச்சுத் தாக்குது. நீங்கள் முறிச்சாலும் வந்திருக்கும், முறிக்காட்டிலும் வந்திருக்கும். மருந்து இருக்கு. ஆனா இதுக்கு எவ்வளவு முந்தி மருந்து தொடங்கிறமோ அவ்வளவுக்கு நல்லது."

இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். அடுத்த தரம் போனபோது படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது கைச் சுட்டுவிரல் மூட்டின் ஓரத்தில் எலும்பு அரித்திருந்தது. வீக்கம் குறையும், நோவு குறையும், மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். அந்த அரிப்புத் திரும்பி வளராது என்றும் சொன்னார். முந்தி வந்திருந்தால் என்று அவர் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதை நான் வீடு வரும் வரை எனக்குள் முடித்துக்கொண்டே வந்தேன். வீதியில் கழுதைகள் மறித்தன. என் கணவர் ஹோர்ன் அடிக்காமல் அவை விலகும்வரை நின்றார். "என்னில பிழை," என்று ஒருதரம் சொன்னார். "இல்லை" என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மருந்து வேலை செய்தது. கிழமைக்கு ஒருநாள் போடுகிற குளிசை, அன்றைக்குச் சாப்பாடு பிடிக்காது. ஆனால் மற்ற நாட்களில் கோப்பையை ஒரு கையால் பிடிக்கிறேன். மோதிரம் திரும்ப ஏறிவிட்டது. வலது சுட்டுவிரல் மட்டும் வளைந்தபடி நின்றுவிட்டது. புருவத்துக்கு நூல் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டேன். யாராவது வந்து கேட்டால் பட்டினத்தில் வேறு ஆளைச் சொல்லி அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. விதியின் மேல் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து பயபக்தியோடு வீணாக்கிய அந்தக் கிழமைகளின் மேல்தான்.

மச்சாள் அந்தக் கல்யாணக் காலைக்குப் பிறகு யாருக்கும் நாவூறு கழிக்கவில்லை. குழந்தைகளைக் கொண்டுவந்தால் "கை நோகுது" என்று சொல்லித் திருப்பிவிடுவார். அவருக்குக் கை நோகவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருவார், மீன் கழுவித் தருவார், தேங்காய் துருவித் தருவார், என் கையை மட்டும் பார்க்கமாட்டார்.

என் மகளுக்கு முதல் நன்மை வந்தது. காலையில் அவளை அதே கதிரையில் இருத்தி, மெல்ல மெல்ல, நானே முடி கட்டி நெட் வைத்தேன். ஊசி ஒன்றுகூட விழவில்லை. வெள்ளைச் சட்டையில் அவள் எழும்பி நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கைகளை அவள் முகத்தைச் சுற்றி எடுத்து என் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் முறியவில்லை. திரும்ப அழுத்தினேன். நோவுதான் வந்தது. ஆயுள் முழுக்கச் சும்மா முறித்த விரல்கள், வேண்டிய நேரத்தில் ஒரு சத்தமும் தரவில்லை. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, குனியுங்கோ," என்றாள். குனிந்தேன். அவள் என் முகத்தை வழித்தெடுத்துத் தன் நெற்றியில் வைத்து முறித்தாள். மாதக்கணக்காகப் பயந்து முறிக்காமல் வைத்திருந்த விரல்கள், அவ்வளவும் முறிந்தன.

மச்சாள் வாசற்படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"என்ர பங்குக்கும் அம்மாவுக்கு ஒருக்கா முறி பிள்ளை," என்றார்.

மகள் தன் கைகளை விரித்துக் காட்டினாள். "என்ர முடிஞ்சுது மாமி. இனிக் கொஞ்ச நேரத்துக்கு முறியாது. நீங்கள்தான் வந்து முறிக்க வேணும்."

மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதலில் என் வலது கையை எடுத்து, வளைந்த அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். பிறகு அதை விட்டுவிட்டு, இரண்டு கையையும் என் முகத்துக்குக் கொண்டுவந்தார்.